சாத்திய கதவுக்குள்

"கதவச் சாத்திட்டுப் பேசுனது, வெர்னிட்டா. சாத்துனவன் நான்—"

"நல்லது நெனச்சுத்தான் டீக்கன் நான்—"

"—இந்தக் கையால சாத்துனேன். 'இப்ப நாம மட்டும்தான்'னு சொல்லிட்டுத்தான் சாத்துனேன்—"

"என்னைக் கொஞ்சம் பேச விடுங்க."

"பேசுனதுலதான வந்துச்சு வினை. இன்னும் பேசப் போறியா?"

வெர்னிட்டா கோல்ஸ் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் எடுக்கவில்லை. டீக்கனும் எடுக்கவில்லை. கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் கறுப்பினத்தவர் இருவர் குரலை உயர்த்தினால், சற்று நேரத்தில் காவலாள் வந்து "எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று விசாரிப்பான். ஆகவே தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, பழைய சிநேகிதர்கள் இருவர் பிக்கப் வண்டியில் சாய்ந்து ஊர்க்கதை பேசுவதாகத் தெரியும்படிதான் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

டீக்கன் என்பது பட்டப்பெயர் இல்லை. ராஸ்கோ டிப்ஸ் ரிச்மண்டில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்கு உண்மையாகவே டீக்கன், போதகருக்குத் துணை நிற்கும் பொறுப்பாளர். வாரநாட்களில் கம்பெனியின் சர்வர் கூடங்களில் கேபிள் பார்ப்பவர். வெர்னிட்டா மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் மூத்தவள். கம்பெனியின் கறுப்பின ஊழியர் குழுவுக்குத் தலைவி. அந்தக் குழுவுக்குக் கம்பெனி நீளமாக ஒரு பெயர் வைத்து, டீ-ஷர்ட்டும் அடித்துக் கொடுத்திருந்தது. இவர்கள் அதை மேசை என்பார்கள். மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டு வேளையில் மேசை கூடும். முதல் பாதியில் யார் வேண்டுமானாலும் வரலாம், ஹெச்.ஆர். பெண் வருவாள், கேக் வரும், புகைப்படம் எடுப்பார்கள். அதன்பிறகு டீக்கன் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். "இப்ப நாம மட்டும்தான்" என்பார். அதற்குமேல் பேசியது எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகாது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அன்று விடியற்காலையில் கம்பெனி ஆட்குறைப்பு செய்திருந்தது. மின்னஞ்சல் வந்த கையோடு மடிக்கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மேசையில் கால்வாசிப் பேரைக் காணோம். கெசாயா புரூசார்டும் அதில் ஒருத்தி.

"அவ பிரென்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கா," என்றார் டீக்கன். பிரென்ட் என்பவன் கெசாயாவின் மேனேஜர். "'ஏன் நான்?'னு. அவன் பதட்டத்துல சொல்லக் கூடாதத சொல்லிட்டான். ராத்திரி முறையில இல்லாதவங்கள மொதல்ல எடுக்கணும்னு உத்தரவாம். 'நீதான முறை வேணாம்னு மேலேர்ந்து சொல்லி அனுப்புன'ன்னு கேட்டிருக்கான். அவ எங்க சொல்லி அனுப்புனா? மேலன்னா யாரு? அந்த மாடியில நம்ம ஆளு ஒருத்திதான் இருக்கா. அவகூட வியாழக்கிழமை வியாழக்கிழமை காபி குடிக்கிறதும் ஒருத்திதான்."

ராத்திரி முறை என்றால், நடுநிசியில் சர்வர் படுத்துவிட்டால் யாருடைய போன் அடிக்குமோ அவர் எழுந்து சரிசெய்ய வேண்டும். கெசாயாவின் குழுவில் ஆளாளுக்கு முறை வைத்து அதைச் செய்தார்கள்.

"கிளாடின் யாரோ எவரோ இல்ல, டீக்கன். அவளும் மேசைதான்."

"மேசைக்கு வந்து உக்காருவா. ஆனா சாப்பாடு வேற எடத்துல."

வெர்னிட்டாவின் சிரிப்பு அப்போதுதான் கழன்றது.

கெசாயா மேசையில் அதைச் சொன்னது கோடை முடியும் சமயத்தில். லூசியானாவிலிருந்து வந்த பெண். முப்பது இன்னும் ஆகவில்லை. கதவு சாத்தியபின் யாரோ மேனேஜரைப் பற்றிப் பொருமிக்கொண்டிருந்தபோது, குறுக்கே புகுந்து, ஏதோ வீடு மாற்றுவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு சிக்கிள் செல் இருக்கு. பொறந்ததுலேர்ந்து. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, தெரியவும் வேணாம். தெரிஞ்சா அன்னையிலேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரமாத்தான் பாப்பாங்க. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, ஒரு நாள் நான் இங்க விழுந்துட்டா, ஆம்புலன்ஸ்காரன்கிட்ட 'இவளுக்கு சிக்கிள், நெஜமாவே வலி, போதைக்காக நடிக்கல'ன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான்."

மேசையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து குழாய்களில் அடைத்துக்கொள்ளும் அந்த வியாதி இல்லாத குடும்பம் அவர்களில் குறைவு. வெர்னிட்டாவின் தம்பி லைல், ஷ்ரீவ்போர்ட்டில் ஓர் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், "கத்தாதே, ஊசி கிடைக்காது" என்ற நர்சின் முன்னால் செத்துப்போனவன்.

அதனால்தான் இலையுதிர் காலத்தில் ஒரு காலை, பெண்கள் கழிப்பறையில் கெசாயா சுவரில் சாய்ந்து, முழங்காலில் வெந்நீர்ப் புட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது வெர்னிட்டாவின் கண்ணுக்கு லைல்தான் தெரிந்தான். "ராத்திரி முறை, மிஸ் வெர்னிட்டா. அவ்வளவுதான். சாயந்தரம் சரியாயிடும்," என்றாள் கெசாயா. "யார்கிட்டயும் சொல்லாதீங்க." வெர்னிட்டா தலையாட்டினாள். அந்த வாரம் வியாழக்கிழமை கிளாடினிடம் சொன்னாள்.

"போய் கிளாடின நேர்ல கேளு," என்றார் டீக்கன். "நீ தொறந்த வாயி. நீயே போய் மூடு."

*

கிளாடின் மேஃபீல்ட் வைஸ் பிரசிடென்ட். மேசைக்கு மேலிடத்துப் புரவலர் அவள்தான். அவளுடைய அறைக்குப் போகும் வழியெங்கும் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியின் நிகழ்ச்சிக்கான சுவரொட்டி. அதில் கிளாடினும் வெர்னிட்டாவும் தோளோடு தோள் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி வந்தால்தான் நமக்கும் பசிக்கும் என்று கேன்டீன்காரனுக்கு ஞாபகம் வருகிறது என்று டீக்கன் வருஷாவருஷம் சொல்வார்.

"வாருங்கள், வெர்னிட்டா," என்றாள் கிளாடின், வெளியே உட்கார்ந்திருந்த உதவியாளருக்குக் கேட்கும்படி. "இன்று எல்லோருக்குமே கடினமான நாள். உட்காருங்கள்."

வெர்னிட்டா கதவைச் சாத்தினாள். உடனே கிளாடின் குதிகால் செருப்பை உதறினாள். சொந்த ஊரான அலபாமாவின் நாக்கு வெளியே வந்தது.

"அப்பாடா. இந்தச் செருப்பு என் உசுர எடுக்குது. என்னடி மூஞ்சி இது, எழவு வீட்டுலேர்ந்து வந்த மாதிரி? ஏதாச்சும் சாப்ட்டியா?"

"கெசாயாவ எடுத்துட்டாங்க, கிளாடின்."

"தெரியும். பாத்தேன்."

"எப்ப பாத்த?"

கிளாடின் பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள். "போன வாரம் பேரெல்லாம் எங்க பார்வைக்கு வந்துச்சு."

"போன வாரமா? போன வியாழக்கிழமை என்கூட உக்காந்து பீச் பழ கேக்கு தின்னுட்டு, உங்கம்மா முட்டிவலி கதையெல்லாம் பேசுன."

"சொல்லக் கூடாதுடி. சொன்னா என் தலை போயிரும்."

"அவங்க ரகசியத்த நல்லாத்தான் காப்பாத்துற."

"உன் ரகசியத்த மட்டும் என்ன வித்துட்டேனா?" கிளாடினுக்குக் கோபம் வந்தது. "அந்தப் பொண்ணால ராத்திரி முறை பாக்க முடியல, செத்துடுவான்னு பயமா இருக்குன்னு நீதான் வந்து அழுத. நான் பிரென்ட்டப் போற போக்குல கூப்ட்டு, 'அந்தப் பொண்ண முறையிலேர்ந்து கொஞ்சம் எடுத்துவிடு'ன்னேன். ஏன்னு அவன் கேக்கல, நானும் சொல்லல. வியாதியப் பத்தி மூச்சு விடல. எங்கம்மா மேல ஆணை."

வெர்னிட்டாவுக்கு அது பொய்யில்லை என்று தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"அங்கதான் போச்சு, கிளாடின். வியாதின்னு எழுத்துல இருந்திருந்தா இன்னைக்கு அவள அவ்வளவு சுலபமாத் தொட முடியுமா? வியாதிக்காக வேலைய மாத்திக் குடுத்துட்டு, அதே மாத்தத்தக் காட்டி வெளிய தள்ளக் கூடாது, சட்டம் இருக்கு. இப்ப எழுத்துல என்ன இருக்கு? காரணமே இல்லாம முறைய விட்டவ. சோம்பேறின்னு இருக்கு."

"எழுத்துல வேணாம், நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னது யாரு?"

வெர்னிட்டா தரையைப் பார்த்தாள். "நான்தான்."

"பின்ன?"

"பின்ன என்ன. இப்ப எழுத்துல போடுவோம். நீ ஹெச்.ஆருக்குப் போ. 'எனக்கு அவ வியாதி தெரியும், அதுக்காக நான்தான் முறைய மாத்தச் சொன்னேன், அவ கேக்கவே இல்ல'ன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு. அவள எடுத்தது தப்புன்னு அவங்களே திருப்பிக்குவாங்க. மாசக் கடைசியோட அவ இன்சூரன்ஸ் போகுது. ரத்தம் மாத்திக்கிற பொண்ணு அவ. இன்சூரன்ஸ் இல்லாம எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்ற?"

கிளாடின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஒரு ஊழியரோட வியாதி தெரிஞ்சும் பதிவு பண்ணாம, மேனேஜர்கிட்ட வாய்வார்த்தையா வேலைய மாத்துன வைஸ் பிரசிடென்ட். நாளைக்கே இந்த அறையக் காலி பண்ணச் சொல்வாங்க. அதுக்கப்புறம் இந்த மாடியில யாருடி? எவனையோ உக்கார வெப்பானுங்க. இந்தக் குழுவெல்லாம் எதுக்குன்னு இப்பவே கேக்குறானுங்க. நான் போனா மேசையும் போச்சு."

"மேசைய வெச்சிக்கிட்டு என்ன பண்றது? அவள எடுத்துட்டாங்களே."

"ஒருத்திக்காக எல்லாரையும்—"

"அந்த ஒருத்திய இதுல இழுத்து விட்டது நாம ரெண்டு பேரும்."

கிளாடின் குனிந்தாள். மேசைக்கு அடியில் கால்களால் செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது, மற்றது புரண்டு கிடந்தது, கையால் எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது கிளாடினின் முதுகு நேராகியிருந்தது.

"அந்த முடிவுகள் பல கோணங்களில் பரிசீலித்து எடுக்கப்பட்டவை, வெர்னிட்டா. தனிநபர்களைப் பற்றி நாங்கள் பேச இயலாது."

"நாங்களா?"

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நீங்கள் குறிப்பிடும் உரையாடலைப் பொறுத்தவரை, அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை."

வெர்னிட்டா திரும்பிப் பார்த்தாள், கதவு தானாகத் திறந்துகொண்டதோ என்று. திறக்கவில்லை.

"கிளாடின். கதவு சாத்தித்தான் இருக்கு."

"தெரியும்," என்றாள் கிளாடின். "போகும்போது திறந்து வைத்துவிட்டுப் போங்கள்."

*

டீக்கனின் பிக்கப் ஓக்லண்டில் கெசாயாவின் வீட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஊர்ந்தது. முன்னால் லாரி, பின்னால் லாரி. ஹீட்டர் வேலை செய்யவில்லை.

"நெனவில்லையாம்," என்றாள் வெர்னிட்டா.

"ம்."

"என்கிட்டயே, டீக்கன். என் மூஞ்சப் பாத்து. போங்க வாங்கன்னு பேசுறா."

"நீ எதுக்கு அழுவுற? கெசாயா வேலை போனதுக்கா, உன் சிநேகிதி போனதுக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் விடவில்லை. "இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். ரெண்டும் வேற வேற எழவு."

அவள் பேச்சைத் திருப்பினாள். "உங்க சபையில ஒரு வக்கீல் அம்மா இருக்காங்களே. அவங்ககிட்டப் பேசுனீங்களா?"

"பேசுனேன். கம்பெனி குடுக்கிற காகிதத்துல அவ கையெழுத்துப் போடக் கூடாது. போட்டா வழக்குக் கெடையாது. போடாதேன்னு சொல்லிட்டேன். அப்புறம் சாட்சி வேணும். கிளாடின்கிட்ட இன்னது சொன்னேன்னு நீ சத்தியம் பண்ணணும்."

"பண்றேன்."

"உன் வேலை?"

"போகட்டும்."

"ரொம்பத் தைரியம்தான். இது போன அக்டோபர்லயே வந்திருக்கலாம்."

"போதும் டீக்கன்."

"போதாது. இன்னும் ஒண்ணு இருக்கு, கேட்டுக்க. வழக்குன்னு போனா வியாதி வெளிய வந்தாகணும். கோர்ட்டுக் காகிதம் ஊருக்கே பொது. நாளைக்கு வேற கம்பெனிக்காரன் அவ பேரத் தட்டிப் பாத்தா மொதல்ல அதான் வரும். வழக்கு ஜெயிக்கும்னும் வக்கீலம்மா சொல்லல. ஜெயிக்கலாம்னாங்க." லாரி நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். "அதனால நீயா எதையும் சொல்லிடாத. போய் அவகிட்டக் கேளு. நான் மேல வரல. வந்தா என் மூஞ்சிக்காகச் சரின்னு சொல்லிடுவா."

*

கெசாயா கதவைத் திறக்க நேரமாயிற்று. இடுப்பில் சூடுபட்டை கட்டி, இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். தலைமுடியைப் பட்டுத்துணியில் சுற்றியிருந்தாள்.

"அட, மேசைத் தலைவி," என்றாள். "கேக் எங்க? ஆள அனுப்பும்போதும் கேக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"எப்படி இருக்க, கண்ணு?"

"குளிரு. வேற ஒண்ணுமில்ல. உக்காருங்க. அந்தத் துணிய அப்படித் தள்ளிட்டு உக்காருங்க."

வெர்னிட்டா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டிக்குக் குறுக்கே ஒரு இஸ்திரிப் பலகை கிடந்தது. அவள் பார்ப்பதைக் கெசாயா பார்த்தாள்.

"அதுதான் என் ஆபீஸ்," என்றாள். "ராத்திரி முறை வர்ற வாரத்துல தொட்டி நெறைய வெந்நீர் புடிச்சு உள்ள உக்காந்துக்குவேன். பலகை மேல லேப்டாப். தண்ணி ஆறுனா காலாலயே குழாயத் தொறந்துக்குவேன். உடம்பு சூடா இருந்தா வலி வராது, வந்தாலும் தாங்கும். ஜூலை மாசம் மூணு டேட்டா சென்டர் ஒண்ணா விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? மொத்தக் கம்பெனியும் என்னைப் பாராட்டி மெயில் போட்டுச்சே. நான் அம்மணமா தொட்டில உக்காந்து எழுப்புனேன், மிஸ் வெர்னிட்டா. வீடியோவ மட்டும் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தது விலாவில் எங்கோ பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, அது போகும்வரை அப்படியே இருந்தாள். வெர்னிட்டா எழப்போனாள். கெசாயா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"நீங்க கழிப்பறையில பாத்தீங்களே, அன்னைக்குத் தொட்டில வெந்நீர் வரல. கட்டடத்துல பாய்லர் கெட்டுப்போச்சு. அதான் அப்படி ஆச்சு. அடுத்த நாளே சரி பண்ணிட்டாங்க."

"எனக்கு அது தெரியாது, கண்ணு."

"தெரியாதுதான்."

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். டீக்கனுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை போலும்.

"அந்த டீம்ல எல்லாருக்கும் பெரிய படிப்பு," என்றாள் கெசாயா. "ஸ்டான்ஃபோர்டு, அது இதுன்னு. எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி போன் அடிச்சா எடுப்பேன். மொத மணியில எடுப்பேன். அதனாலதான் என்னைத் தொட மாட்டாங்கன்னு இருந்தேன். முறைப் பட்டியல்ல திடீர்னு என் பேரு இல்ல. பிரென்ட்கிட்டக் கேட்டேன், 'நீ ரெஸ்ட் எடு'ன்னான். நல்லவனா இருக்கானேன்னு நெனச்சேன். போய்த் தூங்குனேன். நல்லாத் தூங்குனேன், பொய் சொல்ல மாட்டேன்."

வெர்னிட்டா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வண்டியில் வரும்போது மன்னிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. வந்தாலும் அந்த இஸ்திரிப் பலகைக்கு முன்னால் எதற்கு ஆகும்.

"கிளாடின் பேச மாட்டா," என்றாள். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்குறா. ஆனா நான் பேசுவேன். வக்கீல்கிட்ட வந்து, நான்தான் சொன்னேன், அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியாமத்தான் எல்லாம் நடந்துச்சுன்னு கைய வெச்சுச் சத்தியம் பண்றேன். என் வேலை போனாப் போகட்டும். ஆனா அதுக்கு உன் வியாதி வெளிய வரும். கோர்ட்டுக்கு வரும், பேப்பர்லகூட வரலாம். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உனக்கு முன்னாடி அது போய் நிக்கும். ஜெயிச்சா இன்சூரன்ஸ் திரும்ப வரும். ஜெயிக்கலேன்னா அதுவும் இல்ல, இதுவும் இல்ல. அதனால நானா எதுவும் பண்ண மாட்டேன். உன்னைக் கேட்டுட்டுத்தான்." கெசாயாவின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். "சொல்லு கண்ணு. நான் அதச் சொல்லட்டுமா?"

கெசாயா சூடுபட்டையை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள். அவசரப்படாமல் கட்டினாள். பிறகு வெர்னிட்டாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இப்ப கேக்குறீங்களே, இதே மாதிரி அன்னைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மிஸ் வெர்னிட்டா, நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறீங்க?"